தியாக பூமியும் நம் பூமியும்

(சங்கத்தின் வெள்ளிவிழா நிகழ்ச்சிகளுள் ஒன்றாகத் ‘தியாக பூமி’ திரைப்படம் காட்டப்பட்ட மறுநாள், இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளிவிழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று செயற்குழு கூடியபோது, பட்டிமன்றம் வைக்கலாம் என்றனர் சிலர். இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்றனர் வேறு சிலர். எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டலாம் என்று நாங்கள் சொன்னபோது, இளைஞர்கள் முகத்தில் அவ்வளவாக மகிழ்ச்சி தோன்றவில்லை. ஆயினும் நேற்றிரவு நம் மன்றம் நிறைந்திருந்தது. படம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவர் எங்களிடம் வந்து, “ஐயா, இந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. இரவெல்லாம் அதையே எண்ணிக்கொண்டிருந்தோம். அக்கேள்விக்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகள். ‘தியாக பூமி’ 1939-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் வெளிவந்தது. இயக்கியவர் கே. சுப்பிரமணியம். கதை கல்கியுடையது. படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்நாவல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியர் வரைந்த சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே கதையோடு அச்சிடப்பெற்றன. கதையைப் படித்தவர்கள் படத்தைக் காணச் சென்றார்கள். படத்தைக் கண்டவர்கள் கதையைத் தேடிப் படித்தார்கள். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் இசைப்புலவர் பாபநாசம் சிவன். அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும், அவளை மணந்த ஸ்ரீதரனாகக் கே.ஜே. மகாதேவனும், குழந்தை சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தனர். டி.கே. பட்டம்மாளின் குரலை நேற்று நீங்களே கேட்டீர்கள்.

கதை நீங்கள் அறிந்ததே. நெடுங்கரை அக்கிரகாரத்தில் பக்தியும் இரக்கமும் உடையவராய் வாழ்கிறார் சம்பு சாஸ்திரி. புயலும் வெள்ளமும் வந்து சேரி மக்களின் குடிசைகள் அழிகின்றன. தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்குத் தம் மனையில் இடம் தருகிறார் அவர். அக்குற்றத்துக்காக அக்கிரகாரம் அவரைச் சாதியினின்றும் விலக்குகிறது. கணவனால் கைவிடப்பட்ட மகளோ கர்ப்பிணியாய்த் தந்தையைத் தேடி வந்து, அவரைக் காணாமல் தவிக்கிறாள். பெற்ற குழந்தையைத் தந்தையிடமே விட்டுச் செல்கிறாள். பின்னர்ப் பெருஞ்செல்வத்துக்கு உரியவளாகி, உமாராணி என்னும் பெயரோடு திரும்புகிறாள். அப்போது அவளை மீண்டும் மனைவியாகப் பெற வழக்குத் தொடுக்கிறான் ஸ்ரீதரன். நீதிமன்றத்தில் அவள் தலைநிமிர்ந்து மறுக்கிறாள். வேண்டுமானால் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகவும் கூறுகிறாள். இறுதியில் தன் செல்வத்தை நாட்டுக்கு அளித்துவிட்டு விடுதலைப் போரில் இறங்குகிறாள்.

இப்படத்தை எடுப்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிய பின்னர், ஆங்கில அரசு இதைத் தடை செய்தது. தடைச் செய்தி பரவியதும் சென்னை கெயிட்டி திரையரங்கில் கட்டணமின்றி இடைவிடாது காட்டப்பட்டதும், திரண்ட மக்கள் மீது காவலர் தடியடி நடத்தியதும் திரைப்பட வரலாற்றில் பதிவாகியுள்ளன. இவ்வியக்குநர் 1937-இல் எடுத்த ‘பாலயோகினி’யிலோ, வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பார்ப்பன விதவையும் அவர் மகளும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரர் வீட்டில் தஞ்சம் புகுகிறார்கள். அக்காலத்தில் அதைத் திரையில் காட்டியது சிறு செயலன்று. எனவே இப்படங்களைத் தந்தவர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை. நன்றி மறப்பது நன்றன்று.

ஆனால், நன்றி செலுத்துவது வேறு. கேள்வியை விட்டுவிடுவது வேறு. ‘இந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?’

நாம் கதவுக்கு வெளியே, மழையில் நிற்கிறோம். கதவு திறக்கப்படுகிறது, உள்ளே வருகிறோம். அவ்வளவோடு கதையில் நம் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் துன்பமெல்லாம் சாஸ்திரியாருடைய துன்பம். தியாகம் அவருடையது, தலைப்பும் அவருடைய தியாகத்தைக் குறித்தே. வெள்ளம் வடிந்த பிறகு அம்மக்கள் எங்கே போனார்கள், அழிந்த குடிசைகள் இருந்த மனை யாருடையது, அடுத்த புயலுக்கு அவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பவற்றைத் தேடிக் கதை நம் பின்னால் வரவில்லை. நல்லவர் ஒருவரின் நன்மையை உலகுக்குக் காட்டும் விளக்கின் எண்ணெயாக நாம் இருந்திருக்கிறோம்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்க நாட்டில் ஹார்ப்பர் லீ என்னும் அம்மையார் 1960-இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவல், 1962-இல் கறுப்பு வெள்ளைப் படமாக வந்தது. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் கறுப்பினத்தவர் ஒருவருக்காக வெள்ளையரான வழக்கறிஞர் ஒருவர் வாதாடுகிறார். உலகம் கொண்டாடிய படம். கொண்டாடத் தக்க படமே. எனினும் வழக்கில் உயிர் ஊசலாடுவது கறுப்பினத்தவருக்கு. நம் நினைவில் நிற்பவரோ வழக்கறிஞர். கடலுக்கு அப்பாலும் கதை சொல்வோர் நின்ற இடம் அதுவாகவே இருந்தது.

அப்படியாயின் 1939-இல் நம் கதையை நாமே சொல்ல ஒருவரும் இல்லையா? இருந்தார். அவர் நம் செங்கற்பட்டு மண்ணில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலை வெளியிட்டதும் அதே 1939-ஆம் ஆண்டில்தான். படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அந்நூலைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்நூலில் தம் பள்ளி வாழ்வை அவர் நினைவுகூர்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கல்விக்கூடத்தில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். அவர்களுள் ஏறக்குறையப் பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணர். உடன் பயில்வோரோடு பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் நின்று படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை அணுகுமுன் விரைந்து வீடு திரும்பிவிடுவாராம்.

இளைஞர்களே, இந்தக் காட்சியைச் சற்றே மனத்தில் நிறுத்துங்கள். இங்கே புயல் இல்லை, வெள்ளம் இல்லை. புத்தகத்தோடு ஒரு சிறுவன் பள்ளிச் சுவருக்கு வெளியே நிற்கிறான், அவ்வளவே. அந்தச் சிறுவனுக்கு யாரும் கதவு திறந்து இடம் தரவில்லை. மணி அடித்ததும் அவனே உள்ளே நடந்தான். அவனே 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினான். எந்தப் பெயரை மறைக்கப் பள்ளிக்கு வெளியே நின்றானோ, அந்தப் பெயரையே முகப்பில் அச்சிட்டு நாட்டின் முன் நீட்டினான். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தான். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்குள்ள உரிமையை வலியுறுத்தி 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே.

ஆகவே தம்பியின் கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: அந்தப் படத்தில் நாம் கதவுக்கு வெளியே இருக்கிறோம், அதே ஆண்டின் அந்தச் சிறு நூலில் நாம் நடுவில் இருக்கிறோம். இரண்டையும் சேர்த்து அறிந்தவரே அந்த ஆண்டை முழுமையாக அறிந்தவர். படம் வந்த ஏழு வாரங்களில், 1939 ஜூலை 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தார்கள். அதைக் குறிப்பிடும்போது ஐயரின் பெயரைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். உடன் நுழைந்த கக்கன் முதலியோர், அன்று எடுத்துவைத்த அடிக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி நம் சங்கத்தின் கதைக்கு வருவோம். மூத்த உறுப்பினர்களுக்கு இது தெரியும், இளையோர்க்குத் தெரியாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், பதினொரு பிள்ளைகளோடு நம் மாலைப் பள்ளி தொடங்கிற்று. இடம் நம்முடையதன்று. ஊர்த்தெருவில் வாழ்ந்த ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையை மனமுவந்து தந்தார். உறவினர் சிலர் அவரைக் குறை கூறினர், அவர் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளுக்குக் குடிதண்ணீரும் விளக்கும் அவரே கொடுத்தார். எங்கள் சம்பு சாஸ்திரி அவர். ஏழாண்டுகள் அத்திண்ணையில் படித்தோம். பிறகு அவர் காலமானார். வெளியூரில் வாழ்ந்த அவர் வாரிசுகள் வீட்டை விற்க முடிவு செய்து, ஒரு மாதத்தில் இடத்தைக் காலி செய்யுமாறு கேட்டுக்கொண்டார்கள். அவர்கள்மீது எங்களுக்குக் குறையில்லை, வீடு அவர்களுடையது. ஆனால் கரும்பலகையைத் தலையில் சுமந்துகொண்டு நாங்கள் காலனிக்குத் திரும்பிய அந்த மாலையில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: இரக்கத்துக்கு வாரிசு இல்லை; பட்டாவுக்கு உண்டு.

மூன்றாண்டுகள் வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்தது. மழை வந்தால் விடுமுறை. கல்லுடைக்கச் செல்வோரும், உப்பளத்துக்குச் செல்வோரும், நடவுக்குச் செல்லும் தாய்மார்களும் வாரந்தோறும் கொடுத்த சிறு தொகையைச் சேர்த்து நான்கு சென்ட் நிலம் வாங்கினோம். பத்திரம் சங்கத்தின் பெயரில் பதிவானது. அந்த நான்கு சென்ட்டில் எழுந்ததே நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் இந்த மன்றம்.

2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றிரவு இம்மன்றத்தில் ஏறத்தாழ அறுபது பேர் தங்கினோம். காலனிக் குடும்பங்களோடு, கல்வேலைக்கு வந்திருந்த வெளியூர்க் குடும்பங்களும் இருந்தன. ஓடு பறந்துபோன வீட்டிலிருந்து ஊர்த்தெருவைச் சேர்ந்த முதிய தம்பதியர் இருவரும் வந்தனர். கஞ்சி காய்ச்சினோம்; எல்லோரும் குடித்தோம். யார் என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை; மறுநாள் எவரையும் எவரும் விலக்கி வைக்கவுமில்லை. கதவைத் திறக்கும் இடத்தில் அன்று நாம் இருந்தோம். நான்கு சென்ட் நிலம் நமக்கு அளித்த பெருமை அது.

நிலத்தின் பேச்சு வந்ததால், இம்மாவட்டத்து இளைஞர்கள் கட்டாயம் அறியவேண்டிய வரலாறு ஒன்றைச் சொல்கிறோம். 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழைப்பவனுக்கு உழும் நிலம் மட்டுமன்று, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மனையை விட்டே விரட்டப்படுவான் என்னும் உண்மையை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. நிலமும் மனையும் கல்வியும் தரவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணையின்படி, தரிசாய்க் கிடந்த நிலங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒப்படைக்கப்பட்டன. அவையே பஞ்சமி நிலங்கள். பிற வகுப்பாருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்பது அவற்றின் நிபந்தனை. சென்னை மாகாணம் முழுவதும் இவ்வாறு அளிக்கப்பட்டவை சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை.

ஏன் இல்லை? ஒரு மூட்டை நெல்லுக்கும், ஒரு மருத்துவச் செலவுக்கும், ஒரு திருமணக் கடனுக்கும் கைநாட்டு வைத்துக் கொடுத்தோம். கைநாட்டு வைத்தவருக்குத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது தெரியாது. நிபந்தனை ஒன்று உண்டு என்பதும் தெரியாது. நிலம் போனதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று, எழுத்தறியாமையும்தான்.

அந்நிலத்தை மீட்க நம் வட்டாரத்திலேயே உயிர் கொடுத்தவர்கள் உண்டு. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். ‘தியாக பூமி’ என்னும் சொல்லை நாம் உச்சரிக்கும்போது அவ்விருவர் பெயரும் நம் நாவில் வரவேண்டும். நம் மாவட்டத்தில் அச்சொல்லுக்கு அதைவிட உண்மையான பொருள் இல்லை.

மீண்டும் படத்துக்கே வருகிறோம். அப்படத்தில் நமக்கு வேண்டிய ஆசான் சம்பு சாஸ்திரி அல்லர். அவர் மகள் சாவித்திரி. முதற்பாதியில் அவளும் நம்மைப்போலவே கதவுக்கு வெளியே நின்றவள். பிற்பாதியில் அவள் இரக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. நீதிமன்றத்தில் நின்று, தன் வாயால், தன் வழக்கைத் தானே பேசினாள். நேற்றிரவு அக்காட்சியில்தான் நம் தாய்மார்கள் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அத்தகைய குரல் நம் கடற்கரையிலும் ஒலித்ததுண்டு. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் விலக்கப்பட்டதாகப் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர் துணிந்து பேசினார். நாடே அதைக் கேட்டது. அறநிலையத்துறை அமைச்சர் வந்து அவருடன் அதே கோயிலில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4-ஆம் நாள் முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து பட்டாக்களை வழங்கினார். அமைச்சர் உடன் உண்டது பெருந்தன்மை. ஆனால் அந்தப் பெண் பேசியிராவிட்டால் அந்தப் பந்தியும் இல்லை, பட்டாவும் இல்லை.

எனவே, வெள்ளிவிழா நிதியைப் பற்றி ஒரு வேண்டுகோள். மன்றத்தின் முன் அலங்கார வளைவு கட்டவேண்டும் என்று உறுப்பினர் பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை மதிக்கிறோம், இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் வளைவு சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். அந்நிதியை இரு பணிகளுக்குச் செலவிடுவோம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதற்பணி, நிலப் பதிவேடுகளைப் படிக்கும் பயிற்சி. ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல், புல எண் வரைபடம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரேனும் ஒவ்வொரு காலனியிலும் இருக்கவேண்டும். பழைய பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்துக் குறிப்பு எந்தப் புல எண்ணுக்கு எதிரே இருக்கிறது, 1980-களின் யு.டி.ஆர். பதிவுக்குப் பின்னர் அது இருக்கிறதா, மறைந்துவிட்டதா என்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. ஆத்திரப்படாமல், முறைப்படி விண்ணப்பித்து, நகல் பெற்று, நம் மன்றத்துப் பெட்டியில் பாதுகாப்போம். நம் பாட்டன்மார் கைநாட்டால் இழந்ததை, பேரப்பிள்ளைகள் கையெழுத்தால் தேடட்டும்.

இரண்டாம் பணி, எழுத்து. ஒவ்வோர் இளைஞரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதவேண்டும். எந்த மிராசுதாரரிடம் பண்ணை வேலை பார்த்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது, எந்தப் புயலில் எங்கே ஒதுங்கினார்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பன எல்லாம் எழுத்தாகவேண்டும். கதவைத் திறந்தவர் பெயரை மறவாமல் எழுதுங்கள். நாம் நன்றி கெட்டவர்கள் அல்லர். மழையில் நின்றவர் பெயரையும் எழுதுங்கள். இதுவரை எழுதப்படாதது அதுதான். உங்கள் எழுத்திலிருந்து நாளை ஒரு நாவல் பிறக்கலாம், அந்நாவல் படமாகலாம். அப்படத்தைக் காணும் பிள்ளை ஒருவன், ‘இதில் நாம் எங்கே இருக்கிறோம்?’ என்று கேட்க வேண்டியிராது.

நேற்று நீங்கள் கண்ட படத்தின் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டதால்தான் அது அழியாமல் நமக்குக் கிட்டியது. காப்பாற்றி வைப்பவர் இருந்தால் எதுவும் நிலைக்கும். நம் கதையை நாமே காப்பாற்றவேண்டும். நம் நிலத்தின் தாளையும் நாமே காப்பாற்றவேண்டும்.

கோழியாளத்துச் சிறுவன் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்தான். உங்களில் எவரும் இனி வெளியே காத்திருக்க வேண்டியதில்லை. இது உங்கள் மன்றம். திறவுகோல் உங்களிடமே இருக்கிறது. நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பு வழக்கம்போல் தொடங்கும். அனைவரும் வருக.